மிதியிலிருந்து ஊசி வரை: கேட் அசெம்பிளியில் பாகங்களை ஓட வைப்பது எப்படி?

தையல்காரர் ஒருவர் கால் மிஷினை ஓட்டத் தொடங்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? காலை மிதியில் வைத்ததும் அழுத்திவிட மாட்டார். வலக்கையால் கைச்சக்கரத்தைத் தன் பக்கமாக லேசாகச் சுற்றிவிடுவார். சக்கரம் நகர ஆரம்பித்த பிறகுதான் கால் வேலையை வாங்கிக்கொள்ளும். புதிதாகப் பழகுகிறவர்கள் கையை மறந்துவிட்டு மிதித்தால், சில சமயம் மிதி அசையாமல் முரண்டு பிடிக்கும். சில சமயம் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றி நூலைச் சிக்கலாக்கிவிடும்.

கணினியில் இதே மிஷினை வரைந்து ஓட்டிப் பார்க்கிறவர்களும் சரியாக இதே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் கேட் (CAD, அதாவது பாகங்களைக் கணினியில் வரையும் மென்பொருள்) அசெம்பிளியில் பாகங்களை அசைய வைப்பது எப்படி என்பதைத் தையல் மிஷினை வைத்தே சொல்லப் போகிறேன். மிதி, ராடு, சக்கரம், பெல்ட், ஊசி என்று அதில் எல்லாமே கண்ணுக்குத் தெரியும். மூடி வைத்த எஞ்சினில் அந்த வசதி இல்லை.

ஒரு பாகத்தை வரைவது ஒரு வேலை, வரைந்த பாகங்களைச் சேர்த்து அசெம்பிளி ஆக்குவது வேறு வேலை. மிதியையும் ராடையும் சக்கரத்தையும் திரையில் கொண்டுவந்து சரியான இடத்தில் வைத்துவிட்டால், பார்ப்பதற்கு மிஷின் போலவே இருக்கும். ஆனால் சக்கரத்தை மவுஸால் இழுத்தால் அது மட்டும் தனியே கழன்று வரும். போல்ட் போன ஓட்டையும், ராடு மாட்டிய முனையும் நம் கண்ணுக்குத்தான் சேர்ந்திருக்கின்றன. கணினியைப் பொறுத்தவரை எல்லாம் அந்தரத்தில் மிதக்கும் துண்டுகள்.

ஒரு தீப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதை இடம் வலமாக நகர்த்தலாம், முன்னும் பின்னும் நகர்த்தலாம், மேலும் கீழும் நகர்த்தலாம். இதே மூன்று திசைகளையும் அச்சாக வைத்து மூன்று விதமாகச் சுழற்றவும் செய்யலாம். மொத்தம் ஆறு. நீங்கள் அதை எப்படித் தூக்கிப் போட்டாலும் அந்த அசைவு இந்த ஆறின் கலவையாகத்தான் இருக்கும். பொறியியல் வகுப்பில் இதை ‘டிகிரி ஆஃப் ஃப்ரீடம்’ என்பார்கள். நாம் அசையும் வழிகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அசெம்பிளிக்குள் வரும் ஒவ்வொரு பாகமும் இந்த ஆறு வழிகளோடும்தான் வருகிறது. அதை எப்படி அசைக்க வேண்டும் என்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை, அது ஏற்கெனவே எப்படி வேண்டுமானாலும் அசையும். எது கூடாது என்று ஒவ்வொரு வழியாக அடைத்துக்கொண்டே வருவதுதான் நம் வேலை. வேண்டாதவற்றை எல்லாம் அடைத்த பிறகு மிஞ்சி நிற்பதுதான் இயக்கம். ஆரம்பத்தில் எனக்குப் பிடிபடாமல் இருந்தது இதுதான். பிடிபட்ட பிறகு மென்பொருளின் பட்டன்கள் எல்லாம் தானாகவே அர்த்தமாகிவிட்டன.

மூட்டுகள் என்று நாம் சொல்பவை எல்லாம் இப்படி அடைக்கும் கருவிகள்தான். கதவின் கீல் ஐந்து வழிகளை அடைத்துவிட்டு, திறந்து மூடும் ஒரு சுழற்சியை மட்டும் விடுகிறது. தீப்பெட்டியின் உள்தட்டுக்கும் ஐந்து வழிகள் அடைபட்டிருக்கின்றன, ஆனால் மிஞ்சியிருப்பது சறுக்கல். வட்டத் துளைக்குள் வழுவழுப்பான கம்பி இருந்தால் அது சுழலவும் செய்யும், சறுக்கவும் செய்யும். அங்கே நான்கு அடைபட்டு இரண்டு மிச்சம். குண்டு மூட்டு மூன்றை மட்டும் அடைக்கும், எந்தப் பக்கமும் திரும்பலாம், இடம் மட்டும் மாறாது. திருகும் நட்டும் கொஞ்சம் விசேஷம். நட்டு சுழல்வதும் முன்னேறுவதும் நடக்கிறது என்றாலும் ஒன்றில்லாமல் ஒன்று நடக்காது, அதனால் மிச்சம் ஒன்றுதான்.

சாலிட்வொர்க்ஸ் என்ற கேட் மென்பொருளில் இதை ‘மேட்’ என்கிறார்கள், அங்கே ‘இந்த இரண்டு அச்சும் ஒன்று’, ‘இந்த இரண்டு முகமும் ஒட்டி நிற்கட்டும்’ என்று துண்டு துண்டாகச் சொல்லலாம். ஃபியூஷனிலும் இன்வென்டரிலும் ‘ஜாயின்ட்’ என்று கீல், சறுக்கு, குண்டு எல்லாம் முழுதாகவே கிடைக்கும். காசு செலவில்லாமல் பழக விரும்புகிறவர்களுக்கு ஃப்ரீகேட் இருக்கிறது. 2024 நவம்பரில் வந்த அதன் 1.0 பதிப்பிலிருந்து அசெம்பிளி வசதி உள்ளேயே சேர்ந்து வருகிறது. பெயர்கள் மாறினாலும் உள்ளே நடப்பது எல்லாவற்றிலும் அதே அடைப்பு வேலைதான்.

சரி, மிஷினைக் கட்டலாம். முதலில் இரும்புக் கால். அது தரையில் நிற்கிறது, அசையக் கூடாது, ஆறு வழிகளையும் அடைத்துவிடுகிறோம். இதற்கு ‘கிரவுண்ட்’ அல்லது ‘ஃபிக்ஸ்’ என்று பெயர். ஒன்றை மட்டும் அப்படிச் செய்யுங்கள். பயத்தில் இரண்டு மூன்று பாகங்களை நிலைப்படுத்திவிட்டு ஏன் எதுவுமே அசையவில்லை என்று தேடுவது, புதியவர்கள் அதிக நேரம் தொலைக்கும் இடம்.

அடுத்து, இரும்புக் காலோடு மிதிக்கு ஒரு கீல். மிதியின் ஓரத்திலிருந்து எழும் கனெக்டிங் ராடுக்கு ஒரு கீல். ராடின் மேல்முனை சக்கரத்தின் க்ராங்கை (மையத்திலிருந்து சற்று விலகி நின்று சக்கரத்தைச் சுற்றும் கை) பிடிக்கும் இடத்தில் ஒரு கீல். சக்கரத்தின் அச்சு இரும்புக் காலில் உட்காரும் இடத்தில் ஒரு கீல். நான்கு கீல்கள். இரும்புக் காலையும் சேர்த்தால் நான்கு பாகங்கள், அதனால் இதற்கு நான்கு சட்ட இணைப்பு, ‘ஃபோர் பார் லிங்கேஜ்’ என்று பெயர். கார் வைப்பரில் தொடங்கி எண்ணெய்க் கிணற்றின் தலையாட்டி பம்ப் வரைக்கும் இதே குடும்பம்தான்.

கணக்குக்காகச் சில அளவுகளை நானே வைத்துக்கொள்கிறேன். மிதியின் கீலிலிருந்து சக்கரத்தின் மையம் 32 செ.மீ. மிதியின் கீலிலிருந்து ராடு மாட்டும் இடம் 15 செ.மீ. ராடு 30 செ.மீ. க்ராங்க் 3 செ.மீ. இப்போது சக்கரத்தை மவுஸால் பிடித்து இழுத்தால் அது முழுச் சுற்றுச் சுற்றும், மிதி மேலும் கீழுமாக ஆடும். அந்த ஆட்டம் சுமார் 23 டிகிரி. க்ராங்கை 4 செ.மீ. ஆக்கினால் 31 டிகிரி. கணுக்காலுக்கு எது வசதி என்று ஒரு எண்ணை மாற்றிப் பார்த்தே முடிவு செய்துவிடலாம். இரும்பை வார்த்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

க்ராங்கை இன்னும் நீட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும்? 14 செ.மீ. வைத்துப் பாருங்கள், சக்கரம் பாதியில் நின்றுவிடும். காரணம் எளிது. ராடும் க்ராங்கும் ஒன்றன்மேல் ஒன்று மடங்கும்போது, ராடின் கீழ்முனை சக்கர மையத்திலிருந்து 30 − 14 = 16 செ.மீ. தூரத்தில் இருந்தாக வேண்டும். ஆனால் மிதியில் ராடு மாட்டும் இடம் சக்கர மையத்துக்கு 32 − 15 = 17 செ.மீ.க்கு மேல் நெருங்கவே முடியாது. ஒரு சென்டிமீட்டர் எட்டவில்லை. இதற்கு 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் பொறியாளர் ஃபிரான்ஸ் கிராஷாஃபின் பெயரில் ஒரு விதி உண்டு. மிகக் குட்டைச் சட்டமும் மிக நெட்டைச் சட்டமும் சேர்ந்த நீளம், மற்ற இரண்டும் சேர்ந்த நீளத்தைத் தாண்டாவிட்டால் ஏதாவது ஒரு சட்டம் முழுச் சுற்று வரும். நம் மிஷினில் 3 + 32 = 35, மற்ற இரண்டும் சேர்ந்து 45. தாராளமாகச் சுற்றும்.

அந்தக் காலத்தில் இதையெல்லாம் கையால் தொட்டுத்தான் கற்றார்கள். ஃபிரான்ஸ் ரூலோ என்ற ஜெர்மன் பேராசிரியர், இயந்திரங்களின் அசைவை வகைப்படுத்தி உலோகத்தில் மாதிரிகளாகச் செய்ய வைத்தார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவற்றில் 200-க்கும் மேற்பட்டவை இன்றும் இருக்கின்றன. கணினிக்கு இந்த வேலை வந்தது 1963-இல். எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லண்ட் உருவாக்கிய ஸ்கெட்ச்பேடில், ஒளிப்பேனாவால் கோடுகளை வரைந்து, அவற்றுக்குக் கட்டுப்பாடுகள் விதித்து, சட்ட இணைப்புகளை அசைத்துப் பார்க்க முடிந்தது. இன்று நாம் மவுஸால் இழுப்பதன் மூதாதை அதுதான்.

இப்போது அடைத்த வழிகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள், ஒரு விநோதம் தெரியும். அசையும் பாகங்கள் மூன்று: மிதி, ராடு, சக்கரம். ஆளுக்கு ஆறு என்றால் 18 வழிகள். நான்கு கீல்கள், ஒவ்வொன்றும் ஐந்தை அடைக்கிறது, ஆக 20. பதினெட்டில் இருபது போனால் −2. கணக்குப்படி இந்த மிஷின் அசையவே கூடாது. ஆனால் அசைகிறது!

மூன்று கீல் போட்ட கதவை நினைத்துக்கொண்டால் இது புரிந்துவிடும். ஒரு கீலே ஐந்து வழிகளை அடைத்துவிடுகிறது. இரண்டாவது கீலும் மூன்றாவது கீலும் அதே ஐந்தை மறுபடி மறுபடி அடைக்கின்றன. தச்சர் மூன்றையும் ஒரே நேர்கோட்டில் வைத்திருந்தால் கதவு சுகமாகத் திறக்கும். ஒன்று நூல் அளவு விலகினாலும் கதவு முனகும், இறுகும். நம் மிஷினிலும் நான்கு கீல்களின் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதால்தான் ஒரே வேலையைச் செய்யும் அடைப்புகள் ஒன்றோடொன்று சண்டை போடாமல் இருக்கின்றன. ஒரு துளையை அரை டிகிரி சாய்த்து வரைந்துவிட்டால், மென்பொருள் சிவப்பு எழுத்தில் பிழை காட்டி நின்றுவிடும்.

நிஜத்தில் வார்ப்பு இரும்பில் அவ்வளவு துல்லியம் வராது. அதற்குத்தான் சில மிஷின்களில் ராடின் கீழ்முனையில் குண்டு மூட்டு வைத்திருப்பார்கள். அது கீல் அடைக்கும் ஐந்தில் இரண்டை விட்டுக்கொடுக்கிறது, சின்னச் சாய்வுகளை அது தாங்கிக்கொள்ளும். அசெம்பிளியிலும் அப்படியே செய்யுங்கள். மிதிக்கும் சக்கரத்துக்கும் கீல், ராடின் ஒரு முனையில் குண்டு, மறு முனையில் சுழன்று சறுக்கும் உருளை மூட்டு. 5 + 3 + 4 + 5 = 17. பதினெட்டில் பதினேழு போனால் மிச்சம் ஒன்று, நமக்கு வேண்டிய அந்த ஒன்று. வெறுமனே அசைத்துப் பார்ப்பதற்கு நான்கு கீல்களே போதும். ஆனால் ஒவ்வொரு மூட்டிலும் எவ்வளவு விசை விழுகிறது என்று பிற்பாடு கேட்கப் போகிறீர்கள் என்றால், மிகையான அடைப்புகள் பதிலைக் கெடுத்துவிடும். மூன்று கீலில் கதவின் எடையை எது எவ்வளவு சுமக்கிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாததைப் போலத்தான் இதுவும்.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன கைச்சக்கரத்துக்கு வருவோம்.

மிஷினை மவுஸால் இழுக்காமல் தானாக ஓடவிட, ஏதாவது ஒரு மூட்டுக்கு ‘நீ இப்படி நகர வேண்டும்’ என்று கட்டளை தர வேண்டும். மென்பொருளில் இதை மோட்டார் என்பார்கள், நிஜ மோட்டார் எதையும் வரைய வேண்டியதில்லை. நிஜத்தில் காலால்தானே ஓட்டுகிறோம், அதனால் மோட்டாரை மிதியின் கீலில் வைக்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். வைத்துப் பாருங்கள். கொஞ்ச தூரம் போகும். பிறகு நின்றுவிடும், அல்லது சக்கரம் ஒரு முழுச் சுற்றுக்குப் பதிலாக முன்னும் பின்னும் ஆடும், அல்லது திடீரென்று எதிர்த்திசையில் சுற்றும்.

மிதி தன் உச்சியையோ அடியையோ தொடும் கணத்தில், ராடும் க்ராங்கும் ஒரே நேர்கோட்டில் வந்துவிடுகின்றன. அப்போது ராடு எவ்வளவு தள்ளினாலும் அந்தத் தள்ளல் நேராகச் சக்கரத்தின் மையத்துக்கே போகிறது, சுழற்றுவதற்கு நெம்பு கிடைப்பதில்லை. சைக்கிளில் பெடல் நேர் உச்சியில் நிற்கும்போது எழுந்து நின்று மிதித்தாலும் வண்டி நகராது அல்லவா, அதே நிலைதான். இதற்கு ‘டெட் சென்டர்’ என்று பெயர். நம் அளவுகளின்படி மிதியின் கோணம் (மிதியின் கீலிலிருந்து சக்கர மையத்துக்குப் போகும் கோட்டோடு மிதி செய்யும் கோணம்) 57 டிகிரியிலும் 80 டிகிரியிலும் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை இது வரும்.

கணினிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒவ்வொரு மூட்டும் அங்கே சில சமன்பாடுகளாக மாறுகிறது: ராடின் இந்தப் புள்ளியும் க்ராங்கின் அந்தப் புள்ளியும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், இந்த அச்சும் அந்த அச்சும் ஒரே திசையில் இருக்க வேண்டும், இப்படி. இவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறைவேற்றும் நிலையைத் தேடுவது ‘சால்வர்’ என்ற பகுதியின் வேலை. அது பெரும்பாலும் நேரடியாக விடையைக் கண்டுபிடிப்பதில்லை. இப்போது இருக்கும் நிலையிலிருந்து ஒரு உத்தேசம் போடும், எவ்வளவு பிசகுகிறது என்று பார்க்கும், திருத்தும், மறுபடி பார்க்கும். பிசகு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிதாகும்வரை இப்படியே போகும். அதனால்தான் அது எப்போதும் முந்தைய நிலைக்குப் பக்கத்தில் இருக்கும் விடையைப் பிடிக்கிறது.

மிதி 70 டிகிரியில் நிற்கட்டும் என்று சொன்னால் சக்கரத்துக்கு இரண்டு நிலைகள் சாத்தியம். ஒன்று மிதி இறங்கும்போது வருவது, மற்றது ஏறும்போது வருவது. சாதாரணமாக இவை இரண்டும் தூரத்தில் இருப்பதால் சால்வர் குழம்பாது. டெட் சென்டரை நெருங்க நெருங்க இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று வந்து, கடைசியில் ஒன்றாகிவிடுகின்றன. அந்த இடத்திலிருந்து எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்ய சமன்பாடுகளில் எதுவும் இல்லை. முன்னால் போனாலும் சரி, பின்னால் போனாலும் சரி. தையல் பழகுகிறவர் காலுக்குக் கீழே சக்கரம் பின்னோக்கிப் போவதற்கும் திரையில் போவதற்கும் காரணம் ஒன்றுதான். மிதியை 81 டிகிரிக்குப் போகச் சொன்னாலோ, விடையே கிடையாது, பிழைச் செய்திதான்.

ஆகவே மோட்டாரைச் சக்கரத்தின் அச்சில் வையுங்கள். சக்கரத்தின் எந்தக் கோணத்துக்கும் மிதிக்குத் தெளிவான ஒரு நிலை இருக்கும். முழுச் சுற்று வரும் பாகத்தை ஓட்டு, ஆடும் பாகம் தானாகப் பின்னால் வரும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி போய்விடும்.

பெரிய சக்கரத்திலிருந்து மேலே உள்ள சின்னச் சக்கரத்துக்கு, அதாவது கைச்சக்கரத்துக்கு, பெல்ட் போகிறது. இதற்காகப் பெல்ட்டை வளைத்து நெளித்து வரைய வேண்டாம். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே ஒரு விகிதம் கொடுத்தால் போதும். பெரியது 30 செ.மீ., சின்னது 7.5 செ.மீ. விட்டம் என்றால் விகிதம் நான்கு: கால் ஒருமுறை மிதித்து எழுந்தால் ஊசி நான்கு தையல் போடும். கணினியின் பெல்ட் வழுக்காது, தளராது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிஷின் தலையைத் தனி அசெம்பிளியாகக் கட்டி இங்கே கொண்டுவந்திருந்தால் ஒரு இடறல் காத்திருக்கிறது. உள்ளே வரும் அசெம்பிளியைப் பல மென்பொருள்கள் ஒரே கல்லாக எடுத்துக்கொள்ளும். தனியாகத் திறந்தால் ஊசி அசையும், இங்கே அசையாது. அதன் பண்புகளில் போய், இது வளைந்துகொடுக்கலாம் என்று சொல்லிவிட வேண்டும். சாலிட்வொர்க்ஸில் அதற்கு ‘ஃப்ளெக்ஸிபிள்’ என்று பெயர்.

தலைக்குள் ஒரு சின்ன க்ராங்க், ஊசிக்கம்பியை மேலும் கீழும் சறுக்க வைக்கிறது. க்ராங்க் 1.5 செ.மீ. என்றால் ஊசியின் ஓட்டம் 3 செ.மீ. எனக்கு இந்த மிஷினிலேயே மிகவும் பிடித்த இடம் இங்கேதான் இருக்கிறது. ஊசி அடிமட்டத்தைத் தொட்டு 2 முதல் 2.5 மி.மீ. மேலே எழும்போது, அதன் பின்னால் நூல் சின்ன வளையமாகப் பிதுங்கும். சரியாக அந்த நேரத்தில் பாபினைச் சுற்றியுள்ள கொக்கியின் முனை வந்து அந்த வளையத்தைப் பிடிக்க வேண்டும். முந்தினால் வளையம் இன்னும் பிதுங்கியிருக்காது. பிந்தினால் தையல் விட்டுப்போகும். ஊசி அடியைத் தொட்டபின் மேல் க்ராங்க் ஏறக்குறைய 30 டிகிரி சுற்றுவதற்குள் இது முடிந்துவிடுகிறது. காகிதப் படத்தை உற்றுப் பார்த்து இதைத் தெரிந்துகொள்ள முடியாது. இயக்கத்தை ஓடவிட்டு, ஊசி முனையின் உயரத்தையும் கொக்கி முனையின் இடத்தையும் வரைபடமாகப் போட்டால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அசெம்பிளியை ஓட்டிப் பார்ப்பது இத்தனை பாட்டுக்கும் தகும் என்று நான் நினைப்பது இந்த மாதிரி இடங்களுக்காகத்தான்.

ஆனால் அதற்கு நேரத்தை எவ்வளவு பொடியாக நறுக்குகிறீர்கள் என்பது முக்கியம். கணினி இயக்கத்தைத் தொடர்ச்சியாகக் காண்பதில்லை, விட்டு விட்டுத்தான் காண்கிறது. பெரிய சக்கரம் நொடிக்கு ஒரு சுற்று, ஊசி நொடிக்கு நான்கு தடவை என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 4 முறை மட்டும் கணக்கிடச் சொன்னால், ஒவ்வொரு முறையும் ஊசி அதே இடத்துக்குத் திரும்பியிருக்கும். மிதி ஆடும், சக்கரம் நகரும், ஊசி மட்டும் உறைந்து நிற்கும்! நொடிக்கு 100 முறை என்றால் மேல் க்ராங்க் ஒரு தாவலுக்கு 14.4 டிகிரி நகர்கிறது. கொக்கி வேலை செய்யும் அந்த 30 டிகிரிக்குள் இரண்டே தாவல்கள், அதுவும் போதாது. ஒவ்வொரு டிகிரியாகப் பார்க்க வேண்டும் என்றால் நொடிக்கு 1440 முறை கணக்கிட வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். திரையில் இருக்கும் திடப்பொருள்கள் ஆவிகளைப் போன்றவை. ஊசி, துளையில்லாத தகட்டையும் சத்தமில்லாமல் ஊடுருவிப் போகும், கணினி தடுக்காது. மூட்டு போட்ட இடத்தைத் தவிர வேறெங்கும் ஒரு பாகம் இன்னொன்றைத் தொடுகிறதா என்று அது தானாகப் பார்ப்பதில்லை. பாகங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருக்கின்றனவா என்று சோதிக்கும் கட்டளை பல மென்பொருள்களில் உண்டு. ஓடும் நிலையில், குறிப்பாக டெட் சென்டர்களிலும் ஊசியின் அடிமட்டத்திலும், அதை ஒருமுறை போட்டுப் பாருங்கள். நிஜமாகவே மோதி உருள வேண்டிய இடங்களும் உண்டு. துணியை நகர்த்தும் பற்களைத் தூக்கும் கேம் (சுழலும்போது மற்றதை உந்தித் தூக்கும், வட்டமாக இல்லாத சக்கரம்) அப்படி ஒன்று. அங்கே மட்டும் தொடர்பு விதியைக் கொடுங்கள். எல்லாப் பாகத்துக்கும் கொடுத்தால் கணினி மணிக்கணக்கில் உட்கார்ந்துவிடும்.

இதுவரை பார்த்ததில் எங்கேயும் எடை வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? சக்கரம் வார்ப்பு இரும்பா, தெர்மாகோலா என்று யாரும் கேட்கவில்லை. மோட்டார் சொன்ன வேகத்தில் எல்லாம் சுற்றின. வடிவத்தை மட்டும் வைத்து அசைவைப் பார்ப்பது ‘கைனமேட்டிக்ஸ்’. மிதியின் கோணம், ஊசியின் உயரம், மோதுகிறதா, எட்டுகிறதா போன்ற கேள்விகளுக்கு இதுவே போதும். தொடங்குகிறவர்கள் இங்கேயே நன்றாகப் பழகிவிட்டு அடுத்த படிக்குப் போவதுதான் நல்லது.

அடுத்த படி ‘டைனமிக்ஸ்’. அங்கே ஒவ்வொரு பாகத்துக்கும் பொருள் சொல்ல வேண்டும், புவியீர்ப்பு எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும், மூட்டுகளின் உராய்வைச் சொல்ல வேண்டும். கட்டளைக்குப் பதில் விசையைக் கொடுக்கலாம். இங்கே வந்த பிறகு மோட்டாரைச் சக்கரத்திலிருந்து எடுத்துவிட்டு, உண்மையான தையல்காரரைப் போலவே மிதியின்மேல் ஒரு விசையை வைத்துப் பாருங்கள். இறங்கும்போது அழுத்தம், ஏறும்போது தளர்ச்சி. மிஷினை டெட் சென்டரில் நிறுத்திவிட்டுத் தொடங்கினால், முன்பு போலவே அசையாது.

பிறகு மிதியின் விசையை மாற்றாமல், சக்கரத்தின் தொடக்க வேகம் என்ற பெட்டியில் ஒரு சின்ன எண்ணைப் போடுங்கள், நொடிக்குக் கால் சுற்று போல. இப்போது ஓடவிட்டால், அந்தக் கனத்த வார்ப்பிரும்புச் சக்கரம் தன் வேகத்தாலேயே முதல் டெட் சென்டரைத் தாண்டிவிடும். அதற்குள் மிதியின் விசை சேர்ந்துகொள்ளும், அடுத்ததையும் தாண்டும், பிறகு நிற்காது. அந்தப் பெட்டியில் நீங்கள் போட்ட எண்தான் தையல்காரரின் வலக்கை.